‘வயசு போட்டுது’ என்பது ஒரு நோயின் பெயரல்ல

கடந்த ஆண்டு மே 18 இற்கு இரண்டு நாட்கள் முன்னர் அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். குசினியில் அரிசி வாளியை நகர்த்தியபோது அதற்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருந்தது. திறந்து பார்த்தேன். சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் முடிந்து வைக்கப்பட்ட குளிசைகள். முழுக் குளிசைகள் ஒரு பக்கம், பாதியாக உடைத்தவை இன்னொரு பக்கம். எண்ணினேன். முந்நூறைத் தாண்டியது.

அம்மாவுக்கு 73 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். பதினான்கு வருடங்களாகச் சலரோகமும் உயர் குருதியமுக்கமும். கிளினிக் கொப்பியைப் பார்த்தால் ஒரு மாதம் கூடத் தவறவில்லை. நான் கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருதடவை போவேன். போகும்போதெல்லாம் “குளிசை போடுறீங்களோ அம்மா?” என்று கேட்பேன். “ஓம் பிள்ளை, போடுறன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பாதியைப் போட்டார். மீதிப் பாதியைச் சேர்த்தார்.

“ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“இன்னொருக்கா ஓட வேண்டி வந்தால் என்ன செய்யிறது? கொப்பர் மருந்தில்லாமல்தானே போனவர்.”

அப்பாவுக்கு இன்சுலின் போடுகிற சலரோகம். 2009 இல் ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்து புதுமாத்தளனுக்கு வந்தபோது இன்சுலின் முடிந்துவிட்டது. காலில் இருந்த சிறு காயம் பெருத்தது. ஏப்ரல் மாதம் அப்பா போனார். அதற்கு அடுத்த மாதம் அண்ணா காணாமலாக்கப்பட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். அது அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு ரின்னில் இன்னும் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இதை எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் எழுதவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதமாக இருந்தார்கள். அந்தப் பங்கு அதன் பின்னரும் கூடிக்கொண்டுதான் வருகிறது. எங்கள் ஊர்களில் அந்த முதியவர்களைப் பார்க்க வேண்டிய பிள்ளைகளில் ஒரு பகுதி இறந்துவிட்டது, ஒரு பகுதி காணாமல் போய்விட்டது, இன்னொரு பகுதி வெளிநாட்டில் இருக்கிறது. எஞ்சியிருக்கும் எங்களுக்குச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாததால் அம்மாவை இழக்கப் பார்த்தேன்.

நான் விட்ட பிழை

ரின்னைக் கண்ட அன்று எனக்கு வந்தது கோபம். அன்று இரவே கொப்பியில் எழுதியிருந்த அளவின்படி எல்லாக் குளிசைகளையும் எடுத்துக் கொடுத்து, முன்னால் நின்று விழுங்க வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை அம்மா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, என்னையே யாரென்று தெரியாமல் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமி வைத்திருந்த கருவியில் குத்திப் பார்த்தபோது சீனி 54.

நடந்ததை வைத்தியர் பின்னர் விளக்கினார். அம்மா பாதிக் குளிசை போட்டதால் சீனியும் பிறசரும் குறையவில்லை. குறையாததால் கிளினிக்கில் அளவைக் கூட்டினார்கள். கூட்டியதிலும் அம்மா பாதியைத்தான் போட்டார். மறுபடியும் கூட்டினார்கள். இப்படியே கொப்பியில் இருந்த அளவு அம்மாவின் உடம்புக்குத் தேவையானதை விட எவ்வளவோ மேலே போய்விட்டது. அந்த முழு அளவைத்தான் நான் மூன்று நாள் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரின் இருக்கலாம். கண்டால் அன்றைக்கே முழு அளவைக் கொடுக்கத் தொடங்காதீர்கள். மீந்த குளிசைகளையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எவ்வளவு காலமாக எவ்வளவு போட்டார் என்ற உண்மையைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு அம்மாவின் வைத்தியர் இரண்டு மருந்துகளின் அளவைக் குறைத்தார்.

சத்தமில்லாமல் நடப்பது

அம்மா பாதியைப் போட்டுக்கொண்டு இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. நோவில்லை, காய்ச்சலில்லை. அப்படியிருக்க முழுக் குளிசை எதற்கு?

உயர் குருதியமுக்கமும் சலரோகமும் பெரும்பாலும் நோகாத வருத்தங்கள். குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது கூடியது என்று கொள்வார்கள். ஆனால் 180 இல் இருப்பவருக்கும் தலையிடி இல்லாமல் இருக்கலாம். உள்ளே இரத்தக் குழாய்களின் சுவர்கள் தடித்து, விறைத்து, குறுகிக்கொண்டு வரும். மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை ஆகிய நான்கு இடங்களில்தான் அது முதலில் காட்டும். காட்டும்போது அநேகமாகச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

சலரோகம் இவற்றோடு நரம்பையும் பழுதாக்கும். கால் விறைத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. கோயில் வீதியில் மத்தியான வெயிலில் வெறுங்காலுடன் நடந்து பாதம் பொக்களித்த பின்னர்தான் காண்பவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சு நரம்பும் பழுதானால் மாரடைப்புக் கூட நெஞ்சுநோவு இல்லாமல் வரலாம். மூச்சு வாங்குதல், திடீர்க் களைப்பு, வியர்வை, வயிற்றுப் பிரட்டல் என்று மட்டும் காட்டும். “வாய்வு” என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இருந்தால் நேரம் போய்விடும்.

அம்மா விழுந்த அன்று பக்கத்து வீட்டு மாமி இன்னொன்றும் சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு காலையில் அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணி, கதை தெளிவில்லாமல் இருந்ததாம். அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டதாம். “பிள்ளைக்குச் சொல்லாதை, வேலையை விட்டுட்டு ஓடி வரும்” என்று அம்மா தடுத்துவிட்டார்.

அது சரியாகிவிட்ட விடயம் அல்ல. மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் திரும்பியிருக்கிறது. பெரிய பாரிசவாதம் வரப்போகிறது என்பதற்கு உடம்பு தரும் எச்சரிக்கை அது. அடுத்து வரும் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும்.

முதியவர் இருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் கூட மூன்று சோதனைகள் தெரிந்திருக்க வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே விழுகிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்றே ஒன்று இருந்தாலும் 1990 இற்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிச் சேவை இலவசம். 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்க முடியும். ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சுகமாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

கிளினிக் நாளும் விரத நாளும்

சீனி குறைவது, கூடுவதை விட வேகமாக ஆளைக் கொல்லும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகள் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். முதியவர்களுக்கு இன்னும் அதிகம். சாப்பாடு குறையும், சிறுநீரகம் மெதுவாகும், மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதனால்தான் வயது போனவர்களுக்குச் சீனியை இளம் ஆட்களுக்குப் போல இறுக்கமாகக் குறைக்க வைத்தியர்கள் விரும்புவதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில், பலவீனமான முதியவர் ஒருவருக்கு 8 வரை இருந்தாலும் பல வேளைகளில் ஏற்றுக்கொள்வார்கள்.

எங்கள் ஊர்களில் இந்த ஆபத்து வரும் நாட்கள் இரண்டு. ஒன்று கிளினிக் நாள். விடிய நாலரைக்கு எழும்பி, சாப்பிடாமல் இரத்தம் குத்த வேண்டும் என்று வெறும் வயிற்றுடன் பஸ் ஏறுகிறார்கள். பழக்கத்தில் காலைக் குளிசையை மட்டும் போட்டுவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போது மயக்கம் வருகிறது. அன்றைக்கு எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று முதல் மாதமே தாதியரிடம் கேட்டு, கொப்பியில் எழுதி வைத்திருங்கள். இரத்தம் குத்தியதும் சாப்பிட ஒரு பொதி கையில் இருக்க வேண்டும்.

மற்றது விரத நாள். வெள்ளி, சனி, ஆறு நாள் கந்தசஷ்டி என்று எங்கள் அம்மாமார் விரதத்தை விடமாட்டார்கள். விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் விரதத்துக்கு முன்னர் வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பால் பழமாவது எடுக்கச் சொல்ல வேண்டும்.

நடுக்கம், வியர்வை, திடீர்க் கோபம், மாறிக் கதைத்தல் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும். 1990 இற்கு அழையுங்கள்.

வயதின் மேல் போடும் பழி

“வயசு போட்டுது, இனி என்ன” என்ற வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அம்மாவோடு வைத்தியசாலைகளுக்கு அலைந்த இந்த வருடத்தில்தான் கண்டேன்.

கண் மங்குவது பல முதியவர்களில் வெண்புரையால். சிறு சத்திரசிகிச்சையால் திருத்தக்கூடியது. ஆனால் சலரோகத்தால் விழித்திரையில் வரும் பாதிப்புத் திரும்பாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் பின்புறத்தைச் சோதிக்க வேண்டும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று மாறாட்டமாகக் கதைத்தால் அது வயதும் அல்ல, பேயும் அல்ல. சலக்கிருமி, நிமோனியா, உப்புக் குறைவு, சீனி மாற்றம், புதிய மருந்து என்று காரணம் இருக்கும். கண்டுபிடித்தால் பல வேளைகளில் மாறும். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதி வேறு. அதற்கும் தனியே மருத்துவ ஆலோசனை உண்டு.

முழங்கால் நோவுக்குக் கடையில் டைக்குளோபெனக் வாங்கிப் போடுவது எங்கள் ஊர்களில் சாதாரணம். பிறசரும் சலரோகமும் உள்ளவருக்கு அது பிறசரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே வாட்டும் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் அனுப்பும் குளிசைகளும் அப்படித்தான். ஒரே மருந்து வேறு பெயரில் வந்து இரட்டிப்பாகலாம். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாப்பாட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. “சீனி போடுறேல்லை, குரக்கன் புட்டுத்தான்” என்பார்கள். குரக்கன் நல்லது. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். அளவு முக்கியம். பிறசருக்கு உப்பு எதிரி. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும். எங்கள் கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அதைத் தனியே தாண்டிவிடும்.

போர் உடம்பில் விட்டவை

எங்கள் முதியவர்களின் உடம்பில் வேறு ஊர் முதியவர்களுக்கு இல்லாத சிலவும் இருக்கின்றன.

செல் துண்டுகளை உடம்பில் சுமந்துகொண்டு வயது போகிறவர்கள் பலர். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால், உள்ளே போகுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து. எக்ஸ்றேயும் சி.ரி. ஸ்கானும் அப்படி அல்ல. பழைய காயம் என்று மறந்து விடாதீர்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கால் இழந்தவருக்குச் சலரோகமும் வந்தால், செயற்கைக் கால் உரசும் இடத்தையும் மீதியுள்ள காலையும் தினமும் பார்க்க வேண்டும். எடை கூடினாலோ மெலிந்தாலோ செயற்கைக் கால் பொருந்தாது. அதை மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்த அம்மாமார், அப்பாமார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். சலரோகத்தோடும் பிறசரோடும் வீதியில் இருந்தவர்கள் அவர்கள். நித்திரை இல்லாமை, சாப்பாட்டில் மனமில்லாமை, “ஏன் இருக்கிறன்” என்ற பேச்சு, இவையும் வயதால் வருவன அல்ல. மனச்சோர்வு சிகிச்சை உள்ள நோய். அது இருப்பவர் மருந்தையும் ஒழுங்காகப் போடமாட்டார். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவது பைத்தியம் என்பதற்கு அடையாளம் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது

குளிசை போட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டேன். “இந்த மாதம் எத்தனை குளிசை மிஞ்சினது?” என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு அம்மா உண்மை சொல்கிறார். மிஞ்சினால் ஏன் என்று கதைக்கிறோம். தலைச்சுற்றா, வயிற்றுப் போக்கா, மறதியா? கோபித்தால் அடுத்த ரின் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

குளிரூட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை வெயில் படாமல், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். உறையவோ சூடேறவோ விடக்கூடாது. இரவில் முற்றத்துக்குப் போகும் வழியில் வெளிச்சமும், மலசலகூடத்தில் பிடிக்க ஒரு தடியும் இருந்தால் ஒரு இடுப்பு எலும்பு முறிவைத் தவிர்க்கலாம். காலையில் எழும்பும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். பிறசர்க் குளிசை போடுபவர்கள் சட்டென்று எழும்பினால் தலைசுற்றி விழுவார்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தவர்களுக்கானது. முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். வருமானம் குறைந்த, 70 வயதைக் கடந்தவர்களுக்கான கொடுப்பனவு 2025 இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் ஊரில் தகுதியிருந்தும் பெறாதவர் இருந்தால் கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்குக்கு ஓட்டோக் காசு இல்லாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அந்த ரின்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்த குளிசைகளில் பாதிக்கு மேல் காலாவதியானவை. எல்லாவற்றையும் வைத்தியசாலை மருந்தகத்தில் ஒப்படைத்தோம். அம்மா அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

அவர் பயந்தது முட்டாள்தனம் அல்ல என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2022 இல் நாடு முழுவதும் மருந்துக்கு அலைந்ததை எல்லோரும் கண்டோம். மழைக்காலத்தில் குளம் உடைத்தால் எங்கள் ஊர் வெள்ளத்தில் நிற்கும். ஆகவே வைத்தியரிடம் நானே கேட்டேன். இரண்டு கிழமைக்கான மருந்தை மேலதிகமாக எழுதித் தந்தார். அதை ஒரு தண்ணீர் புகாத பெட்டியில், கிளினிக் கொப்பியின் பிரதியோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் புதிதாக எடுக்கும் குளிசையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பெட்டியில் இருந்ததை அம்மா போடுகிறார். ஒன்றும் பழசாகாது, ஒரு நேரமும் தவறாது.

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டபோது, அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இந்தமுறை பின்னால் அல்ல, எல்லோரும் காணக்கூடிய மாதிரி முன்னால்.